காஃபூரின் மணம்

காஃபூர் மேலோங்கிய அத்தர் ஒன்று அண்மையில் நமக்கு மிக விருப்பமானதாயிற்று. அம்மணத்தை நுகர்ந்தோர் சிலர் 'ஜனாஸா நினைவு வருகிறதே' என்று முகம் சுளித்தனர். காரணம் இல்லாமலில்லை. தம் அருமை மகளார் ஜைனப் (ரலி) அவர்களின் மய்யித்தைக் குளிப்பாட்டிய பெண்களிடம், இறுதி முறை ஊற்றும் நீரில் காஃபூர் சேர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்த ஸுன்னத்தின் வழியே காஃபூர் நம் இல்லங்களில் பிரிவின் மணமாகப் படிந்துவிட்டது.

ஆயினும் அதன் வரலாறு அவ்வளவில் நின்றுவிடுவதன்று. சுமத்ராத் தீவின் பாரூஸ் பகுதியை அரபு வணிகர் 'ஃபன்ஸூர்' என்றழைத்தனர். அப்பகுதிக் காட்டு மரங்களின் உள்ளே உறைந்த படிகமே உயர்ந்த காஃபூராக மதிக்கப்பட்டது. அதே பாரூஸில் தமிழ் வணிகக் குழுவினரான ஐந்நூற்றுவர் 1088ஆம் ஆண்டில் தமிழ்க் கல்வெட்டொன்றைப் பொறித்துச் சென்றனர். அதற்கும் முன்னரே, 9ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்கிந்தீ தம் நறுமண நூலில் காஃபூருக்கு இடமளித்திருந்தார். அரபியின் காஃபூர், தமிழின் கருப்பூரம், மலாயின் காப்பூர் ஆகிய சொற்களின் உறவே அக்கடல்வழித் தொடர்புக்குச் சான்றாகும்.

இவற்றினும் மேலாக, திருக்குர்ஆனின் அத்தஹ்ர் அத்தியாயம் 5ஆம் வசனம், நல்லடியார்கள் சுவனத்தில் அருந்தும் பானத்தின் கலவையாகக் காஃபூரைக் கூறுகின்றது. மய்யித்தின் நெற்றியில் நாம் இடுவதும் அதே பெயருடைய பொருளன்றோ! எனவே, அம்மணம் பிரிந்தோரின் பிரிவை மட்டுமன்றி, அவர்கள் சென்று சேர நாம் துஆச் செய்யும் இடத்தையும் நினைவூட்டுவதாகுக.