நூல்நிலையத்தில் நண்பகற் கச்சேரி

ஐக்கிய அமெரிக்காவின் நகரங்களிலே பொது நூல்நிலையங்களுக்குச் செல்வோர் சிற்சில நாட்களில் ஒரு புதுமையைக் காண்பதுண்டு. நண்பகல் வேளையிலே வாசிப்பு மேசைகள் சில சுவரோரமாக ஒதுக்கப்பட்டிருக்கும். வேறு நாட்களில் இருமுவோரையும் முறைத்துப் பார்க்கும் அவ்விடத்திலேயே, பியானோவும் சாக்சபோனும் ஆளுயரப் பேஸ் வாத்தியமும் டிரம்முமாக நால்வர் அமர்ந்து ஜாஸ் இசை வாசித்துக்கொண்டிருப்பர். அந்நால்வரும் உலகப் புகழ் படைத்தவரல்லர். அதே ஊரில் வாழ்ந்து, மாலையில் விடுதிகளிலும் மணவிழாக்களிலும் வாசிப்பவர்கள். அயலிலுள்ள கந்தோர்களிற் பணிபுரிவோர் மதியபோசன ஓய்விலே வந்து கேட்டுச் செல்வர். நுழைவுச் சீட்டு இல்லை, உண்டியலும் இல்லை. ஆயினும் வாசிப்பவருக்கு உரிய கூலி முழுமையாகக் கிடைக்கும்.

அக்கூலியை அளிப்பவர் யார்? நகரசபை என்றோ, ஊர்ச் செல்வர் ஒருவர் என்றோ கேட்போர் எண்ணுவது இயல்பே. சில ஊர்களில் அஃது உண்மையுமாகும். ஆனால் 1948 ஆம் ஆண்டிற்குப் பின்னர் இத்தகைய கச்சேரிகள் பலவற்றுக்கு வேண்டிய பணம், கடைகளில் விற்பனையான இசைத்தட்டுகளிலிருந்தே வந்தது. இசைத்தட்டு விற்பனைக்கும் நூல்நிலையக் கச்சேரிக்கும் இத்தொடர்பு ஏற்பட்டது தானாக அன்று. இருமுறை நடந்த கடுமையான வேலைநிறுத்தங்களின் பயனாகவே ஏற்பட்டது.

எடிசன் 1877 ஆம் ஆண்டிலே ஒலியைப் பதிவு செய்யும் கருவியை அமைத்தபோது, அஃது ஒருவர் தொழிலைப் பறிக்கும் என எவரும் கருதவில்லை. 1906 ஆம் ஆண்டில் ஜோன் பிலிப் சூசா என்னும் புகழ்பெற்ற பாண்டு வாத்திய நாயகர், எந்திர இசையின் அபாயம் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். வீட்டிலே பெட்டி பாடினால் பிள்ளைகள் பாடக் கற்கமாட்டார்கள் என்பது அவருடைய கவலை. அவருடைய குழுவின் இசையே அக்காலத்தில் இசைத்தட்டுகளில் நன்றாக விற்பனையாகிக்கொண்டிருந்தது என்பதையும் இங்கு சொல்லிவைக்க வேண்டும்.

சூசா அஞ்சியது பிள்ளைகளைப் பற்றி. உண்மையில் முதலில் அடிபட்டவர்கள் திரையரங்குகளில் வாசித்து வந்த கலைஞர்கள். ஊமைப்படக் காலத்திலே ஒவ்வொரு பெரிய அரங்கிலும் ஒரு வாத்தியக் குழு இருந்தது. 1927 ஆம் ஆண்டில் பேசும் படம் வந்தது. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வேறு தொழில் தேடினர். அதனைத் தொடர்ந்து வானொலி நிலையங்கள் இசைத்தட்டுகளை ஒலிபரப்பலாயின. உணவுச்சாலைகளிலே காசு போட்டாற் பாடும் பெட்டி வந்து சேர்ந்தது. ஒருவர் ஒரு நாள் வாசித்த இசை ஆயிரம் இடங்களில் ஒலித்தது. அவருக்குக் கிடைத்தது ஒரு நாட்கூலி. அந்த ஆயிரம் இடங்களிலும் முன்னர் வாசித்தவர்களுக்கு அதுவும் இல்லாமற் போயிற்று.

இந்நிலையை எதிர்த்து நின்றவர் ஜேம்ஸ் சீசர் பெட்ரில்லோ. இத்தாலியிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1892 ஆம் ஆண்டு சிக்காகோவிற் பிறந்தவர். டிரம்பெட் வாசித்துப் பெரும்பெயர் பெறாதவர். சங்கம் நடத்துவதிலே பெரும்பெயர் பெற்றவர். கிருமிகளுக்கு அஞ்சிப் பிறரோடு கைகுலுக்கத் தயங்கும் விந்தை மனிதர். அவருடைய பெயரின் நடுவிலிருந்த 'சீசர்' பத்திரிகைகளின் கேலிக்கு நல்ல விருந்தாயிற்று. பொருளாதார மந்தத்தின் கொடுமை தீராத 1935 ஆம் ஆண்டிலே, சிக்காகோவின் கிராண்ட் பூங்காவில் இலவசக் கச்சேரிகளை அவர் தொடங்குவித்தார். வேலையற்ற கலைஞருக்குக் கூலியும், கையிற் காசற்ற மக்களுக்கு இசையும் ஒரே மேடையிற் கிடைத்தன. பிற்காலத்து நண்பகற் கச்சேரிகளின் வித்தை இங்கேதான் காண்கிறோம்.

1940 ஆம் ஆண்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனத்தின் தலைவரான பெட்ரில்லோ, 1942 ஓகஸ்ட் 1 ஆம் திகதி முதல் எந்தக் கலைஞரும் இசைத்தட்டுக்காக வாசிக்கலாகாது எனக் கட்டளையிட்டார். நாடு போரில் இருந்த காலம் அது. கண்டனங்கள் குவிந்தன. கம்பனிகள் பழைய பதிவுகளை வெளியிட்டுச் சமாளித்தன. பாடகர்கள் சம்மேளனத்தின் தடைக்கு உட்படாதவர்கள் ஆதலால், 1943 இல் பிராங்க் சினாட்ரா வாத்தியமே இன்றி, குரற்குழுவின் துணையுடன் பாடிய தட்டுகளும் வெளிவந்தன. அவ்வாண்டிலேயே டெக்கா கம்பனி இணங்கியது. 1944 ஒக்தோபரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தாமே தடையை நீக்குமாறு கேட்டும் பெட்ரில்லோ அசையவில்லை. அடுத்த மாதம் விக்டரும் கொலம்பியாவும் பணிந்தன. விற்பனையாகும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகை சம்மேளனத்தின் நிதிக்குச் சேர்வதாயிற்று.

1947 ஆம் ஆண்டின் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம், முதலாளிகள் அவ்வாறு சங்கத்திடம் பணம் ஒப்படைப்பதைத் தடுத்தது. பெட்ரில்லோ 1948 ஜனவரி 1 ஆம் திகதி மறுபடியும் பதிவுகளை நிறுத்தினார். அவ்வாண்டு டிசெம்பரிலே உடன்பாடு உண்டாயிற்று. பணம் சங்கத்தின் கையிற் சேராமல், சங்கத்தைச் சாராத ஓர் அறங்காவலரின் பொறுப்பில் இருக்கும். முதல் அறங்காவலராக அமைந்தவர் சாமுவேல் ரோசன்பாம். அவர் அந்நிதியை ஊர் ஊராகப் பகிர்ந்தளிப்பார். பூங்கா, மருத்துவமனை, பள்ளி, நூல்நிலையம் ஆகிய இடங்களில் அவ்வவ்வூர்க் கலைஞர்கள் வாசிப்பர். கேட்பவரிடம் கட்டணம் பெறலாகாது.

இவ்வெற்றிக்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1943 ஆம் ஆண்டளவில் ஏர்ல் ஹைன்ஸ் என்பவரின் குழுவில் சார்லி பார்க்கர், டிசி கில்லெஸ்பி என்னும் இரு இளைஞர் சேர்ந்து வாசித்தனர். ஜாஸ் இசையின் போக்கையே மாற்றிய 'பீபொப்' முறை உருவாகிய காலம் அது. தடையின் காரணமாக அக்குழுவின் இசை தட்டிற் பதியப்படவில்லை. அன்று அரங்கில் இருந்தவர் கேட்டனர். பின் வந்தவருக்கு அந்தப் பேறு இல்லை. ஊர்க் கலைஞரின் சோற்றுக்காக நடந்த போரிலே மொழியப்படாமலே மறைந்த அத்தியாயம் இது.

எந்திரம் கலைஞனுக்குப் பகை மட்டுமே என்று கூறுவதும் பொருந்தாது. 1938 ஆம் ஆண்டு மே மாதம் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூல்நிலையத்தின் கூலிட்ஜ் அரங்கிலே, ஜெலி ரோல் மோர்ட்டன் பியானோவின் முன் அமர்ந்தார். ஜாஸ் இசையைப் படைத்தவர் தாமே என்று ஓயாது உரிமை கொண்டாடியவர் அவர். அவ்வுரிமையை முற்றாக ஏற்பவர் சிலரே. ஒரு காலத்தில் புகழின் உச்சியில் இருந்த அவர் அப்போது அந்நகரின் சிறு விடுதியொன்றில் வாசித்து வந்தார். நூல்நிலையத்தைச் சேர்ந்த அலன் லோமாக்ஸ் என்னும் இளைஞர் பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, நியூ ஓர்லியன்ஸ் நகரின் பழைய நாட்களைப் பற்றி அவரைப் பேசவும் வாசிக்கவும் செய்தார். மோர்ட்டன் 1941 இல் காலமானார். அக்கருவி இல்லையேல் அவர் நினைவில் இருந்த உலகமும் அவரோடு மறைந்திருக்கும்.

நிதியைப் பற்றிய மனக்குறை சங்கத்தின் உள்ளேயும் எழுந்தது. இசைத்தட்டுக்கு வாசித்தவர் லொஸ் ஏஞ்சலிசில் இருக்க, பணம் எங்கோ ஒரு சிற்றூர்க் கலைஞனுக்குப் போவது முறையா என்று 1956 இல் அந்நகரத்துக் கலைஞர்கள் செசில் ரீட் என்பவரின் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. 1958 இல் போட்டிச் சங்கமொன்றும் தோன்றியது. பெட்ரில்லோ அவ்வாண்டிலேயே தலைமையிலிருந்து விலகினார். அவருடைய சொந்த நகரில் ஜாஸ் இசையை வளர்த்த கறுப்பினக் கலைஞர்களுக்கென ஒரு சங்கமும் வெள்ளையருக்கென வேறொரு சங்கமுமாக இருந்த பிரிவினை மட்டும் அவர் காலத்தில் தீரவில்லை. இரண்டும் 1966 ஆம் ஆண்டிலேதான் ஒன்றாயின.

இசைத்தட்டின் விற்பனை தளர்ந்தபோது நிதியும் மெலிந்தது. இருப்பினும் அஃது அற்றுப்போகவில்லை. நண்பகற் கச்சேரியின் அறிவிப்புத் தாளிலே, வாத்தியக்காரரின் பெயர்களுக்கும் நேரத்துக்கும் கீழே, சிற்றெழுத்தில் அந்நிதியின் பெயரையும் அச்சிடுவது வழக்கம்.