எலும்புருக்கியும் எங்கள் பெரியப்பாவும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் கணவருக்குக் காசநோய். மாத்திரை சாப்பிட்டு வருகிறார். "சளி கட்டும்னு முட்டை, மீன் எல்லாம் நிறுத்திட்டோம் டீச்சர்" என்றாள். எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

பெரியப்பாவுக்கு முதலியார்பேட்டை ரோடியர் மில்லில் வேலை. 1970 வாக்கில் நோய் வந்தது. எலும்புருக்கி என்றுதான் அப்போது சொல்வோம். மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. ஆனால் வீட்டில் பத்தியம்: கஞ்சியும் மிளகு ரசமும்தான். கடைசி மாதங்களில் பாயிலிருந்து எழ என் தோளைப் பிடிப்பார். எனக்குப் பத்து வயது. அந்தக் கையில் கனமே இருக்காது.

சாப்பாடு பெரிதில்லை என்று டாக்டர்களே நினைத்த காலம் அது. காரணம், சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த ஆய்வின் முடிவு 1959-ல் வெளிவந்தது. சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றவர்களும், வீட்டில் குறைந்த சாப்பாட்டோடு அதே மருந்தை விழுங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். ஏழைகளுக்கு அது பெரிய வரம், மறுக்க முடியாது. ஆனால் கூடவே உணவுப் பேச்சும் பின்னுக்குப் போனது.

அதே நிலையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதுவும் பங்கேற்ற ஜார்கண்ட் ஆய்வு 2023-ல் வெளியானது. 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப்பை: அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய். முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. (மருந்து நன்றாக வேலை செய்தாலும் எடை ஏறும், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.) நோய் உடம்பின் தசையைத் தின்கிறது. மூச்சை இழுப்பதும் இருமிச் சளியைத் தள்ளுவதும் தசைதானே! நுரையீரல் புற்றுநோயிலும் தசை கரைந்தவர்கள்தான் சிகிச்சையைத் தாங்க முடியாமல் தவிக்கிறார்கள்.

2022-ல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. நம் புதுச்சேரி அதில் சேராது. அங்கே நோயாளி வந்ததும் பார்ப்பது: எடை மிக மோசமாகக் குறைந்திருக்கிறதா, மூச்சுத் திணறுகிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப் பார்ப்பார்கள். அந்த மூன்றாவது கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மாணவியிடம் எடை கேட்டேன். 44 கிலோ இருந்தவர் 41 ஆகிவிட்டாராம். "நாளைக்கே டாக்டரிடம் சொல், பத்தியத்தைத் தூக்கிப் போடு" என்றேன். அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் சத்துணவுப் பணம் வருகிறதா என்றும் கேட்கச் சொன்னேன்.

நேற்று வாட்ஸப்பில் படம் அனுப்பினாள். தட்டில் சோறு, அவித்த முட்டை, நெத்திலிக் குழம்பு.