லினக்சில் மெய்நிகர் இயந்திர மென்பொருள் நிறுவலின் வரலாறு

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினியின் உள்ளே மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினி ஆகும். தனக்கென நினைவகம், வட்டு, பிணைய அட்டை எல்லாம் இருப்பதாகவே அதனுள் இயங்கும் விருந்தினர் இயங்குதளம் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் கணினியில் இவ்வகை மென்பொருளை நிறுவுவது இன்று பெரும்பாலும் சில நிமிட வேலை. முதல் பத்தாண்டுகளில் அப்படி இருக்கவில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனிக்குள் அந்த மென்பொருளுக்கு இடம் இருந்ததா என்பதே இதற்குக் காரணம்.

பின்னணி

இக்கருத்து லினக்சைவிட மூத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் 1967-இல் சிபி-40 என்ற அமைப்பு இயங்கத் தொடங்கியது. அதன் வழிவந்த விஎம்/370 அமைப்பை ஐபிஎம் 1972-இல் அறிவித்தது. 1974-இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் ஒரு கணினியை மெய்நிகராக்கத் தேவையான நிபந்தனைகளை வரையறுத்தனர். கணினியின் நிலையை அறியும் அல்லது மாற்றும் கட்டளையை விருந்தினர் பயன்படுத்தினால், அது மேற்பார்வை நிரலிடம் வந்து நிற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மேசைக் கணினிகளில் இருந்த எக்ஸ்86 நுண்செயலிகள் இந்தத் தேர்வில் தவறின. பெண்டியம் நுண்செயலியில் இவ்வாறு நழுவிச் செல்லும் கட்டளைகள் 17 என 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

விஎம்வேர்

ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வின் தொடர்ச்சியாக 1998-இல் தோன்றிய விஎம்வேர் நிறுவனம், நழுவும் கட்டளைகளை ஓட்டத்தின்போதே கண்டு மாற்றி எழுதும் முறையைக் கையாண்டது. 1999-இல் வந்த அதன் முதல் பதிப்பு லினக்சிலும் இயங்கியது. தனியுரிமை மென்பொருளான அது தன் முதல் களங்களில் ஒன்றாக லினக்சைத் தேர்ந்தது கவனிக்கத்தக்கது.

நிறுவலின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. மென்பொருளின் ஒரு பகுதி கருனிக்குள் சேர்ந்தே இயங்க வேண்டும். இதனைக் கருனிக் கூறு என்பர். லினக்ஸ் கருனியின் உள் இடைமுகங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. வெளியாருக்காக அவற்றை நிலையாக வைத்திருக்கும் கடமையைக் கருனி உருவாக்குநர்கள் ஏற்றதில்லை. எனவே தயாராக வழங்கப்பட்ட கூறுகள் பொருந்தாதபோது, பயனரே தம் கணினியில் தொகுப்பியையும் அந்தக் கருனிக்குரிய தலைப்புக் கோப்புகளையும் வைத்து அக்கூறைத் தொகுக்க வேண்டியிருந்தது. விஎம்வேர் இதற்கென ஒரு பெர்ல் நிரலைச் சேர்த்து வழங்கியது. அது பல கேள்விகள் கேட்டுப் பின் தொகுக்கும். தலைப்புக் கோப்பு கருனியோடு பொருந்தாவிட்டால் பாதியில் நிற்கும். கருனியைப் புதுப்பித்தால் மறுபடி முதலிலிருந்து. நேற்றுவரை இயங்கிய பயிற்சிக் கணினி இன்று திறக்காது என்பதே மாணவர் கண்ட விளைவு.

டெல் நிறுவனத்தில் உருவான டிகேஎம்எஸ் கருவி இந்தச் சுமையைக் குறைத்தது. கருனி மாறும்போதெல்லாம் வெளிக் கூறுகளைத் தானே தொகுத்துக்கொடுக்கும் கருவி அது.

கருனிக்குள் நுழைந்த கேவிஎம்

2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் (இது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்) ஜென் என்ற திறந்த மூல மேற்பார்வை நிரலை வெளியிட்டது. அது லினக்சுக்குக் கீழே அமர்ந்து இயங்குவது. அதனை இயக்கும் முதன்மை லினக்சுக்கான முழு ஆதரவு 2011-இல் வந்த 3.0 கருனியில்தான் நிறைவுற்றது.

இதற்கிடையே வன்பொருளே மாறியது. இன்டெல் 2005-இலும் ஏஎம்டி 2006-இலும் மெய்நிகராக்கத்துக்கான வசதியை நுண்செயலியிலேயே சேர்த்தன. இஸ்ரேலின் கும்ரானெட் நிறுவனத்தைச் சேர்ந்த அவி கிவிட்டி, அவ்வசதியை நம்பி எழுதிய கேவிஎம் கூறினை 2006 அக்டோபரில் கருனி உருவாக்குநர்களிடம் அளித்தார். 2007 பிப்ரவரியில் வெளிவந்த 2.6.20 கருனியில் அது இடம்பெற்றது. சில மாதங்களில் இது நடந்தது வியப்புக்குரியது. லினக்சில் ஏற்கெனவே இருந்த நினைவக மேலாண்மையையும் பணி ஒதுக்கீட்டையும் கேவிஎம் அப்படியே பயன்படுத்தியதால் அதன் நிரல் சிறியதாக இருந்தது. வட்டு, திரை போன்ற சாதனங்களைப் போலச் செய்யும் வேலையைப் பேப்ரிஸ் பெல்லார்டு உருவாக்கிய குயெமு ஏற்றது. 2008-இல் ரெட் ஹேட் நிறுவனம் கும்ரானெட்டை வாங்கியது.

இதன்பின் பயனர் கருனிக் கூறு எதையும் தொகுக்க வேண்டியதில்லை. கருனி புதுப்பிக்கப்படும்போது கேவிஎம்மும் சேர்ந்தே புதுப்பிக்கப்படுகிறது.

விர்ச்சுவல்பாக்ஸ்

ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007 சனவரியில் விர்ச்சுவல்பாக்சின் திறந்த மூலப் பதிப்பை வெளியிட்டது. அது 2008-இல் சன் நிறுவனத்திடமும் 2010-இல் ஆரக்கிளிடமும் சென்றது. எளிய சாளரங்கள் கொண்டதால் மாணவரிடம் பரவியது. ஆயினும் திறந்த மூலமாக இருந்தும் அதன் கருனிக் கூறு வெளியிலேயே நின்றது. திறந்த உரிமம் மட்டும் கருனிக்குள் இடம் பெற்றுத் தராது என்பதற்கு இது சான்று. கையொப்பமில்லாத கூறுகளைப் பாதுகாப்பான துவக்க வசதி தடுப்பதால், இன்றும் பல கணினிகளில் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவுவோர் ஒரு சாவியைப் பதிவுசெய்ய வேண்டியுள்ளது.

கேவிஎம் நிறுவுவோருக்கு மிஞ்சுவது வேறொரு சோதனை. நுண்செயலியின் மெய்நிகராக்க வசதி பயாசில் அணைக்கப்பட்டிருந்தால் எத்தனை முறை நிறுவினாலும் கேவிஎம் இயங்காது. இன்டெலில் விஎம்எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் எனப்படும் வசதி நுண்செயலியில் இருந்தும் இயங்கவில்லை எனில், கணினியை மறுபடி துவக்கிப் பயாசில் அவ்வசதியை இயக்க வேண்டும்.