பேர்மிங்ஹாம் பண்பாட்டு ஆய்வு நிலையமும் விடுபட்ட குரல்களும்

இனம், பால்நிலை, பண்பாட்டு அடையாளம் ஆகியவற்றை ஒருங்கே ஆராயும் மரபொன்று இங்கிலாந்தில் ஆங்கில இலக்கியத் துறையொன்றின் அயலிலே முளைவிட்டமை பல்கலைக்கழக வரலாற்றில் விந்தையான நிகழ்ச்சியாகும். 1964 இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் றிச்சர்ட் ஹொகாட் நிறுவிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு நிலையத்தை இலக்கியத்தாரும் சமூகவியலாரும் ஒருங்கே ஐயுற்று நோக்கினர். ஜமேக்காவிலே பிறந்த ஸ்ருவட் ஹோல் 1960களின் பிற்பகுதியிலிருந்து 1979 வரை அதனை வழிநடத்தினார். மாணவரும் ஆசிரியரும் குழுக்களாகக் கூடி வாசித்து, வாதிட்டு, கூட்டாக எழுதி, ரோனியோப் பிரதிகளாக வெளியிடுவதே அங்கு வழக்கமாயிற்று.

இம்முறையின் பெரும் பயன் ஒரு வழக்கிலிருந்தே பிறந்தது. 1972 இல் அந்நகரின் ஹான்ட்ஸ்வேர்த் பகுதியில் இளைஞர் மூவர் ஒருவரைத் தாக்கிப் பறித்தவை 30 பென்ஸ், சில சாவிகள், ஐந்து சிகரெட்டுகள். தாக்கப்பட்டவர் படுகாயமுற்றார். அடுத்த ஆண்டு ஒருவனுக்கு 20 ஆண்டும் மற்றிருவருக்குப் பத்துப் பத்து ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது. பழைய வழிப்பறிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த புதுப் பெயரொன்றைச் சூட்டிப் பத்திரிகைகள் அச்சத்தைப் பெருக்கின. 1968 இல் இதே நகரில் ஈனொக் பவல் குடிவரவாளருக்கு எதிராக ஆற்றிய உரை எவர் நினைவிலிருந்தும் அகலாத காலம் அது. குற்றவியல், பத்திரிகையியல், அரசியற் பொருளியல், வரலாறு என்பவற்றை ஒன்றிணைத்து 1978 இல் வெளியான 'பொலிஸிங் த கிரைஸிஸ்' என்னும் நூல், பொருளாதார நெருக்கடியின் அச்சம் எவ்வாறு கறுப்பின இளைஞர்மீது சுமத்தப்பட்டது எனக் காட்டிற்று. தனித்த எத்துறையாலும் இதனைக் கண்டிருக்க இயலாது என்பதே எமது கருத்து.

எனினும் அந்நூலாசிரியர் ஐவரும் ஆண்களே. நிலையத்தின் பெண்கள் அதே ஆண்டில் 'விமன் ரேக் இஷு' என்ற தம் தொகுப்பை வெளியிட்டுத் தமக்கான இடத்தைக் கோரினர். அவ்விடம் எளிதிற் கிடைத்ததன்று. ஆனால் அவர்கள் கூறிய 'பெண்' பெரும்பாலும் வெள்ளைப் பெண்ணாகவே இருந்தாள்.

1982 இல் வெளியான 'த எம்பயர் ஸ்ரைக்ஸ் பாக்' தொகுப்பில், நிலையத்தின் மாணவியரான ஹேசல் கார்பி இக்குறையையே எடுத்துரைத்தார். குடும்பமே பெண்ணை ஒடுக்கும் முதன்மைக் களம் என்பது வெள்ளைப் பெண்ணியரின் வாதம். குடும்பத்துள் ஒடுக்குமுறை இல்லையென அவர் கூறவில்லை; ஆயின் அடிமை முறையின்போதும், குடியேற்ற ஆட்சியிலும், பிரித்தானிய நிறவாதத்தின் முன்னும் கறுப்பினத்தவர்க்கு அதுவே அரணாகவும் இருந்தது. ஆகவே பெண்ணியர் 'நாம்' என்கையில் அதனுள் அடங்குவோர் யாவர் என அவர் வினவினார். அதே தொகுப்பில் பிரதிபா பார்மர், ஆசியப் பெண்கள் இயல்பிலேயே அடங்கிப்போவோர் என்ற எண்ணத்தை மறுத்தார். 1976 இல் இலண்டன் கிறன்விக் புகைப்படத் தொழிற்சாலையில் ஜயாபென் தேசாயின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்த பெண்கள் அதற்குக் கண்கண்ட சான்று. (பல்கலைக்கழகத்துக்கு வெளியே, இலங்கைத் தமிழரான அ. சிவானந்தன் 1974 முதல் இனமும் வர்க்கமும் பற்றிய சஞ்சிகையொன்றை இலண்டனில் நடத்திவந்தமையும் நினைக்கத்தக்கது.)

ஹோல் 1979 இலேயே திறந்த பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். நிலையம் பின்னர் துறையாக மாற்றப்பட்டது. 2001 இல் நடைபெற்ற தேசிய ஆராய்ச்சி மதிப்பீட்டில் அதற்குக் குறைந்த தரமே கிடைத்தது. மாணவரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, 2002 இல் பல்கலைக்கழக நிருவாகம் அதனை மூடிற்று.