காலிக் கட்டத்தின் கணக்கு: பல்கலைக்கழக மதிப்பெண் பதிவேடு இணையத்துக்கு இடம்பெயர்ந்த வரலாறு

இரண்டு ஒப்படைப்புகள் உள்ள ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவர் முதலாவதில் 100க்கு 80 வாங்கியிருக்கிறார். இரண்டாவதற்கு நேரே கட்டம் காலியாக இருக்கிறது. அவருடைய சராசரி என்ன? காலிக் கட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால் 80. அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் 40. காகிதப் பதிவேட்டின் காலத்தில் இதைத் தீர்மானிக்கும் விதி ஆசிரியரின் மனத்தில் இருந்தது. மாணவர் காய்ச்சலில் படுத்திருந்தாரா, அசட்டையாக விட்டுவிட்டாரா, கொடுத்த தாள்தான் இன்னும் திருத்தப்படாமல் மேசையில் கிடக்கிறதா என்பது அவருக்குத் தெரியும். இன்று அந்த விதி மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில், பாடம் தொடங்கும் முன்பே டிக் செய்யப்பட்ட ஒரு தெரிவாக இருக்கிறது.

இணையவழிக் கற்றல் அமைப்புகளின் வரலாற்றை எழுதுவோர் காணொளிப் பாடங்களையும் கலந்துரையாடல் வசதிகளையும் முன்னிறுத்துவது வழக்கம். அவற்றின் ஆழமான விளைவு மதிப்பெண் பதிவேட்டில்தான் நிகழ்ந்தது என்பது என் துணிபு. மதிப்பெண்ணை யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம், இல்லாத மதிப்பெண்ணுக்கு என்ன பொருள் என்ற மூன்று கேள்விகளுக்கும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் விடை மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைப் பின்தொடர முயல்கிறது இக்கட்டுரை.

இரண்டு தேர்வு மரபுகள்

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் நிறுவப்பட்டது. பாடம் நடத்துவது இணைப்புக் கல்லூரியின் வேலை. தேர்வு நடத்திப் பட்டம் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை. கல்லூரி ஆசிரியர் தம் பதிவேட்டில் எழுதிய மதிப்பெண்ணுக்குப் பட்டத்தில் நெடுங்காலம் இடமே இருக்கவில்லை. இந்த மரபில் நம்பிக்கை அந்நியரிடம் வைக்கப்பட்டது: விடைத்தாளின் பதிவெண் மறைக்கப்பட்டு டம்மி நம்பர் இடப்படும், எழுதியவர் யாரென்று அறியாத ஒருவர் அதைத் திருத்துவார்.

அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த மரபு வேறு. அங்கே பாடம் நடத்துபவரே வினாத்தாள் அமைப்பார், திருத்துவார், பருவ இறுதியில் எழுத்துத் தரத்தையும் அவரே இடுவார். வாராந்தரப் பயிற்சி, இடைத்தேர்வு, இறுதித்தேர்வு என்று பலவற்றைக் குறித்த விகிதத்தில் கூட்டித் தரம் இடவேண்டியிருப்பதால், ஆசிரியரின் பதிவேடே அங்கு மூல ஆவணம். இந்த வேறுபாடு முக்கியமானது. கற்றல் மேலாண்மை மென்பொருள்கள் ஏறத்தாழ அனைத்தும் இரண்டாவது மரபுக்குள் பிறந்தவை. அவற்றின் நடுவில் மதிப்பெண் பதிவேடு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அதுவே.

மதிப்பெண்ணை மற்றவர் பார்க்கலாமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் சட்டமே விடை சொன்னது. ஆசிரியர் அறைக் கதவில் மதிப்பெண் பட்டியலை ஒட்டுவது அங்கே சாதாரணமாக நடந்துவந்தது. 1974இல் வந்த குடும்பக் கல்வி உரிமைகள், தனியுரிமைச் சட்டத்தின்படி, மாணவரை அடையாளம் காட்டும் வகையில் மதிப்பெண்ணை அவரது ஒப்புதலின்றிப் பலர் பார்க்க வைக்க முடியாது. ஒவ்வொரு மாணவரும் தம் வரியை மட்டும் பார்க்கும் வழி தேவைப்பட்டது. காகிதத்தில் அது கடினம். உள்நுழைவுச் சொல் உள்ள கணினியில் எளிது.

வகுப்பறை திரைக்கு வந்த காலம்

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 1960இல் தொடங்கிய பிளாட்டோ அமைப்பைத் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளலாம். 1972இல் வந்த அதன் நான்காம் வடிவம் பிளாஸ்மா திரையில் தொடுவுணர்வோடு இயங்கியது. மாணவரின் விடையை உடனே சரிபார்த்து, அவர் பாடத்தில் எங்கே நிற்கிறார் என்பதையும் அதே கணினி பதிந்து வைத்தது. கற்பிப்பதும் கணக்கு வைப்பதும் ஒரே இயந்திரத்தின் வேலையானது இங்கேதான். ஆனால் பிளாட்டோவுக்குப் பெருங்கணினியும் தனி முனையங்களும் வேண்டும். எல்லாப் பல்கலைக்கழகத்தாலும் அதை வாங்க முடியவில்லை.

வலை உலாவி அந்தத் தடையை நீக்கியது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் ஆசிரியர் மரே கோல்ட்பர்க் 1990களின் நடுவில் வெப்சிடி என்ற கருவியை உருவாக்கினார். நிரல் எழுதத் தெரியாத ஆசிரியரும் வலையில் பாடம் அமைக்கவேண்டும் என்பது அவருடைய நோக்கம். பாடப்பக்கம், வினாடிவினா, உரையாடல் ஆகியவற்றோடு மதிப்பெண்ணைச் சேமித்து மாணவருக்குக் காட்டும் வசதியும் அதில் தொடக்கத்திலேயே இருந்தது. 1997இல் மேத்யூ பிட்டின்ஸ்கியும் மைக்கேல் சேசனும் வாஷிங்டனில் பிளாக்போர்டு நிறுவனத்தைத் தொடங்கினர். கார்னெல் பல்கலைக்கழகச் சூழலில் முளைத்த கோர்ஸ்இன்ஃபோ நிறுவனம் மறு ஆண்டு அதனுடன் இணைந்தது. 2006இல் வெப்சிடியும் பிளாக்போர்டின் வசமானது.

அதே ஆண்டு ஜனவரியில் பிளாக்போர்டுக்குக் கிடைத்த ஒரு காப்புரிமை இந்த வரலாற்றில் நின்று பார்க்கவேண்டிய இடம். ஒரே உள்நுழைவைக் கொண்ட ஒருவர் ஒரு பாடத்தில் மாணவராகவும் இன்னொரு பாடத்தில் ஆசிரியராகவும் இருக்கலாம், அதற்கேற்ப அவருக்குத் திறக்கும் பக்கங்கள் மாறும் என்பது அந்தக் காப்புரிமைக் கோரிக்கைகளின் உயிர்நாடி. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் காலையில் பாடம் கேட்டு, மாலையில் இளங்கலை மாணவர்களின் தாளைத் திருத்துவது பல்கலைக்கழக வாழ்வில் அன்றாட நடைமுறை. அதைத் தன் கண்டுபிடிப்பு என்று ஒரு நிறுவனம் உரிமை கொண்டாடியது கல்வியாளர்களைக் கொதிக்க வைத்தது. அந்தக் கொதிப்பு முழுக்க நியாயமானது. ஜூலை மாதம் கனடாவின் டிசயர்டுலேர்ன் நிறுவனத்தின்மீது பிளாக்போர்டு வழக்குத் தொடுத்தது. பழைய அமைப்புகளில் இதே வசதிகள் இருந்ததைக் காட்டும் சான்றுகளைப் பல நாட்டு ஆசிரியர்களும் நிரலாளர்களும் விக்கிப்பீடியாவில் கூடித் தொகுத்தார்கள். கற்றல் மென்பொருளின் வரலாறு முதன்முதலாக விரிவாக எழுதப்பட்டது இப்படி ஒரு வழக்கின் நெருக்கடியில்தான். 2008 பிப்ரவரியில் டெக்சஸ் ஜூரி பிளாக்போர்டுக்கு 31 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. 2009 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கிலிருந்த கோரிக்கைகள் செல்லாது என்றது. ஆண்டு முடிவதற்குள் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

மூடிலின் உள்ளே

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கர்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடியைப் பராமரித்து வந்த மார்ட்டின் டூகியாமஸ், அதன் போதாமைகளைக் கண்டு சொந்தமாக ஒன்றை எழுதத் தொடங்கினார். 2002 ஆகஸ்டில் அது மூடில் 1.0 என்ற பெயரில், யாரும் எடுத்துத் திருத்தி ஆளக்கூடிய கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. உரிமக் கட்டணம் இல்லை என்பதால் இந்தியாவிலும் இலங்கையிலும் பல்கலைக்கழகங்கள் அதை ஏற்றன. ஐஐடி மும்பையிலும் மொறட்டுவப் பல்கலைக்கழகத்திலும் மாணவர்களுக்கு அது பழகிய திரை.

மூடிலின் மதிப்பெண் பதிவேடு 2008இல் வந்த 1.9ஆம் பதிப்பில் புதிதாக எழுதப்பட்டது. அதன் தரவுத்தள அட்டவணையைத் திறந்து பார்ப்பது பயனுள்ள ஆய்வு. ஒரு மாணவரின் ஒரு மதிப்பெண்ணுக்கு அங்கே ஓர் எண் மட்டும் இருப்பதில்லை. வினாடிவினாவோ ஒப்படைப்போ தந்த மூல மதிப்பெண் ஒரு பத்தியில். பதிவேடு ஏற்றுக்கொண்ட இறுதி மதிப்பெண் இன்னொரு பத்தியில். ஆசிரியர் கையால் திருத்தினால் மூல எண் அப்படியே இருக்க, இறுதி எண் மட்டும் மாறுகிறது. திருத்திய நேரம் தனிப் பத்தியில் ஏறுகிறது. அதற்குப் பிறகு மாணவரின் வினாடிவினாவை மறுபடி திருத்தினாலும் அது இறுதி எண்ணைத் தொடுவதில்லை. மறைக்கப்பட்டதா என்று சொல்லும் பத்தியில் ஒரு தேதியையும் வைக்கலாம். அந்தத் தேதி வரை மாணவருக்கு மதிப்பெண் தெரியாது. பூட்டப்பட்டதா, கணக்கிலிருந்து விலக்கப்பட்டதா என்பதற்கும் பத்திகள் உண்டு. முன்பு ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டதன் முழுப் பொருளும் இங்கே பத்து பன்னிரண்டு பத்திகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

மதிப்பெண் இல்லை என்பதற்கும் பூஜ்யம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் இந்த அட்டவணை காக்கிறது. இல்லாத மதிப்பெண் திரையில் ஒரு சிறு கோடாகத் தெரியும். சிக்கல் கூட்டும்போதுதான் எழுகிறது. காலி மதிப்பெண்களை விலக்கிக் கணக்கிடுக என்பது மூடிலின் முன்னிருப்பு. 2014இல் 2.8ஆம் பதிப்பில் 'இயல்பான' கூட்டல்முறை வந்தபோதும் இது தொடர்ந்தது. நாம் பார்த்த மாணவருக்கு மூடில் 200க்கு 80 என்று காட்டாது. மொத்தத்தையே 100ஆகச் சுருக்கி 100க்கு 80 என்று காட்டும். பருவத்தின் நடுவில் இது நேர்மையான கணக்கு, ஏனென்றால் இன்னும் நடக்காத தேர்வுக்காக மாணவரைத் தண்டிக்கக் கூடாது. பருவம் முடிந்த பிறகும் அந்தத் தெரிவு மாறாமல் இருந்தால், இரண்டாவது ஒப்படைப்பைக் கொடுக்கவே கொடுக்காதவர், இரண்டையும் கொடுத்துச் சராசரி 70 வாங்கியவரை முந்திவிடுகிறார். ஆசிரியர் ஒவ்வொரு கோட்டையும் பார்த்துப் பூஜ்யம் இடவேண்டும், அல்லது தெரிவை மாற்றவேண்டும். மென்பொருள் நினைவூட்டாது.

அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய இன்ஸ்ட்ரக்சர் நிறுவனத்தின் கேன்வாஸ் இந்தக் கேள்வியை மாணவர் கையிலும் கொடுத்தது. திருத்தப்பட்டவற்றை மட்டும் வைத்துக் கணக்கிடுக என்ற தெரிவு மாணவரின் மதிப்பெண் பக்கத்திலேயே இருக்கிறது. அதை நீக்கினால் காலிக் கட்டங்கள் பூஜ்யமாகி மொத்தம் சரிவதைப் பார்க்கலாம். அடுத்த தேர்வில் இவ்வளவு வாங்கினால் என்ன ஆகும் என்று கற்பனை எண்ணை இட்டுப் பார்க்கவும் முடியும். கணக்கு விதி ஒளிவில்லாமல் மாணவர் முன் வைக்கப்பட்டது இந்த வரலாற்றில் நல்ல மாற்றம் என்பேன்.

இங்கு வந்தபோது

தமிழ்நாட்டில் 1978இல் லயோலா, சென்னைக் கிறித்துவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியவை தன்னாட்சி பெற்றபோது தொடர் அகமதிப்பீடு வேரூன்றியது. ஆசிரியரின் பதிவேட்டுக்குப் பட்டத்தில் ஒரு பங்கு கிடைத்தது. இருந்தாலும் பெரும்பகுதி மதிப்பெண் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையிலேயே இருந்தது, இருக்கிறது. எனவே மூடில் போன்றவை இங்கு வந்தபோது அவற்றின் பதிவேடு இன்டர்னல் மார்க் கணக்கிடும் இடமாக மட்டுமே நின்றது. கற்றல் அமைப்பில் சேர்ந்த எண்ணை எடுத்துத் தேர்வுப் பிரிவின் தனி மென்பொருளில் மறுபடி உள்ளிடுவது பல கல்லூரிகளில் இன்றும் நடக்கிறது. கோடாக இருந்தது வழியில் பூஜ்யமாவதும் 'ஆப்சென்ட்' ஆவதும் இந்த இரண்டாவது உள்ளீட்டில்தான்.

இதற்கு மாறாக, விதியை முன்கூட்டியே எழுதிவைத்த ஓர் அமைப்பு நம்மிடமே உண்டு. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல், 2014 முதல் சான்றிதழ்ப் பாடங்களை நடத்துகிறது. ஐஐடி மெட்ராஸ் அதை ஒருங்கிணைக்கிறது. 12 வாரப் பாடத்தில் வாராந்தரப் பயிற்சிகளில் சிறந்த 8 மட்டுமே கணக்கு. அவற்றின் சராசரிக்கு 25 விழுக்காடு, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடு. பயிற்சியில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என்று தனித்தனியே எடுத்தால்தான் சான்றிதழ். வேலைக்குப் போகிறவர், மின்சாரம் போய்ப் பயிற்சியைத் தவறவிட்டவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர் எல்லாருக்கும் நான்கு காலிக் கட்டங்கள் கேள்வியின்றி மன்னிக்கப்படுகின்றன. ஆசிரியரின் கருணையை ஆயிரக்கணக்கான மாணவருக்கு ஒரே அளவில் தர இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. இரு மரபுகளும் இங்கே கைகோக்கின்றன: பயிற்சி இணையத்தில், இறுதித்தேர்வு கண்காணிப்பாளர் முன்னிலையில்.

பல்கலைக்கழக மானியக் குழு 2016இல், இந்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான சுவயத்தின் பாடங்கள்மூலம் ஒரு பருவத்தில் 20 விழுக்காடு வரையிலான பாடங்களுக்குக் கிரெடிட் பெற அனுமதித்தது. 2021இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. 2020இல் கொரோனாவால் வளாகங்கள் மூடப்பட்டபின் இணையவழிப் பதிவேடு தவிர்க்க முடியாததாகிவிட்டது.

மதிப்பெண் தகராறுகள் இனி எங்கே தீர்க்கப்படும் என்பது அடுத்த கேள்வி. விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு என்று பல்கலைக்கழகத் தேர்வுக்கு வகுக்கப்பட்ட வழிகள் அகமதிப்பெண்ணுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஆனால் மூடிலில் மதிப்பெண்களுக்கென்று தனி வரலாற்று அட்டவணை உண்டு: யார், எந்த நாளில், எந்த எண்ணை எதுவாக மாற்றினார் என்பது அதில் வரிவரியாக இருக்கும். நிர்வாகி விரும்பினால் அந்தப் பதிவையே நிறுத்திவைக்கலாம், அல்லது குறித்த காலத்துக்குப் பின் தானே அழியும்படி அமைக்கலாம். அப்படி அழிந்த பருவத்தில் தம் 80 எப்படி 40 ஆனது என்று கேட்கும் மாணவருக்குப் பல்கலைக்கழகத்தால் காட்ட முடிவது இறுதி எண் மட்டுமே. எத்தனை ஆண்டு அந்த வரலாற்றுப் பதிவை வைத்திருக்கவேண்டும் என்பதைச் சர்வர் அறையின் முடிவுக்கு விடாமல், விடைத்தாள்களைப் பாதுகாக்கும் காலத்தை வகுப்பதுபோல் கல்விப் பேரவைகள் தீர்மானம் போட்டு முடிவு செய்யவேண்டும்.