முறிந்த அச்சு எழுப்பிய கேள்வி: உலோகச் சோர்வு பற்றிய பொறியியல் அறிவின் வளர்ச்சி, 1842–1988

முன்னுரை

இழுத்து அறுக்க முடியாத கம்பியை இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளைத்தால் ஒடித்துவிடலாம். பொறியாளர்கள் உலோகச் சோர்வு என்று சொல்வது இதற்கு நெருங்கிய நிகழ்வு. உலோகம் எளிதில் தாங்கக்கூடிய விசைகூடத் திரும்பத் திரும்பச் செயல்படும்போது நுண்விரிசலை உண்டாக்கி, அதை வளர்த்து, இறுதியில் முறித்துவிடும். கைக்குப் பழக்கமான இந்த உண்மை வடிவமைப்பாளரின் கணக்குக்குள் முழுமையாக வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

ரயில் அச்சு முதல் விமான உடல் வரை நிகழ்ந்த சில முறிவுகளின் வழியே இக்கட்டுரை அந்த வரலாற்றைத் தொடர்கிறது. விபத்து தானாக எதையும் கற்பிப்பதில்லை என்பதே இதன் வாதம். முறிந்த பகுதியைக் கண்டெடுத்து, முறிவைச் சோதனைக்கூடத்தில் மீண்டும் நிகழ்த்தி, கண்டதைப் பொதுவில் வைத்தபோதுதான் தோல்வி அறிவாக மாறியது. ஒவ்வொரு முறையும் அது வடிவமைப்பாளர் கேட்க வேண்டிய கேள்வியையே மாற்றியது.

வெர்சாய் விபத்தும் படிகக் கொள்கையும்

1842 மே 8 அன்று, வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் நீரூற்று விழாவைக் கண்டு பாரிசுக்குத் திரும்பியவர்களை ஏற்றிவந்த ரயில் மூதோன் அருகே தடம்புரண்டது. முன்னால் சென்ற எஞ்சினின் அச்சு முறிந்ததே காரணம். பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. கதவுகள் பூட்டப்பட்டிருந்ததால் உள்ளே இருந்தவர்கள் தப்ப முடியவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். புகழ்பெற்ற கடலாய்வாளர் துமோன் துர்வில், மனைவியோடும் மகனோடும் அதில் மாண்டார்.

கதவைப் பூட்டும் வழக்கம் விரைவில் கைவிடப்பட்டது. அச்சு ஏன் முறிந்தது என்பது அவ்வளவு எளிதில் விளங்கவில்லை. தேனிரும்பை இழுத்து அறுத்தால் அது நார்நாராகப் பிரியும். ஓட்டத்தில் முறிந்த அச்சின் முகமோ மணிமணியாகப் பளிச்சிட்டது. எனவே, இடைவிடாத அதிர்வு இரும்பின் நாரமைப்பைப் படிகமாக மாற்றிவிடுகிறது என்ற கொள்கை பரவியது.

1843இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ராங்கின் முறிந்த அச்சுகளை நேரில் ஆராய்ந்து வேறொன்றைக் கண்டார். அச்சின் பருமன் சட்டென்று மாறும் தோள்பகுதியில் மெல்லிய விரிசல் தொடங்கி, சிறிது சிறிதாக உள்நோக்கி வளர்ந்திருந்தது. அந்தக் கூர்மூலையை வளைவாக அமைக்க வேண்டும் என்றார். இரு விளக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடு நடைமுறையில் பெரிது. உலோகம் முழுவதும் படிகமாகிறது என்றால் தீர்வு இன்னும் நல்ல இரும்பு. விரிசல் ஒரு மூலையில் பிறக்கிறது என்றால் பொருளின் வடிவத்தை மாற்ற வேண்டும். ஆயினும் படிகக் கொள்கை பல பத்தாண்டுகள் நீடித்தது. 1903இல் யூயிங்கும் ஹம்ஃபிரியும் திரும்பத் திரும்ப வளைக்கப்பட்ட இரும்பை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான், படிகங்கள் முன்பே அங்கு இருந்தன என்பதும், அவற்றுக்குள் தோன்றும் சறுக்குக் கோடுகளே பெருகி விரிசலாகின்றன என்பதும் தெளிவாயின.

வோலரின் கேள்வி: எத்தனை முறை?

அதுவரை வடிவமைப்பாளர் கேட்ட கேள்வி ‘எவ்வளவு சுமை தாங்கும்?’ என்பது மட்டுமே. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஆல்பர்ட், தூக்குச் சங்கிலிகள்மீது மீண்டும் மீண்டும் சுமையேற்றிச் சோதித்த முடிவுகளை 1837லேயே வெளியிட்டிருந்தார். அந்தத் தொடக்கத்தை ஒழுங்கான அறிவியலாக்கியவர் பிரஷ்ய ரயில்வே பொறியாளர் அவுகுஸ்ட் வோலர்.

ஓடும் அச்சின் மேற்பக்கம் ஒருவகை விசைக்கும் கீழ்ப்பக்கம் அதற்கு எதிரான விசைக்கும் உட்படுகின்றன. அச்சு அரைச்சுற்று திரும்பியதும் மேல் கீழாகிறது. ஆகவே ஒவ்வொரு சுழற்சியிலும் புறப்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுக்கப்படுகிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 318 முறை சுழலும். மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் இந்த இழுபறி பத்து லட்சம் முறை நடந்துவிடும்.

ஓட்டத்தில் அச்சு எவ்வளவு வளைகிறது என்பதை வோலர் தாமே உருவாக்கிய கருவிகளால் முதலில் அளந்தார். பிறகு மாதிரி அச்சுகளை இடைவிடாமல் சுழற்றி வளைக்கும் பொறிகளை அமைத்து, 1870 வரை தொடர்ந்து சோதித்தார். விசை ஏறி இறங்கும் வீச்சே முறிவைத் தீர்மானிக்கிறது. வீச்சு குறையக் குறைய அச்சு தாங்கும் சுழற்சிகள் கூடுகின்றன. ஓர் எல்லைக்குக் கீழே சென்றால் இரும்பும் எஃகும் எவ்வளவு சுழன்றாலும் முறிவதில்லை. இம்முடிவுகளோடு, சுமையின் அளவுடன் ‘எத்தனை முறை?’ என்ற இரண்டாவது கேள்வியும் வடிவமைப்பில் இடம்பெற்றது.

காமெட்: தேர்ச்சி பெற்ற சோதனை

1952 மே 2 அன்று டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் காமெட், உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையை லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குத் தொடங்கியது. உயரே பறக்கும் அந்த விமானத்தின் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிவைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பறப்பிலும் உடல் ஒருமுறை உப்பி ஒருமுறை தளர்ந்தது.

1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவருகே ஒரு காமெட் வானிலேயே சிதறி 35 பேர் இறந்தனர். சேவை நிறுத்தப்பட்டது. சிதைவுகள் கடலடியில் கிடக்க, சாத்தியமான காரணங்கள் ஊகமாகவே பட்டியலிடப்பட்டன. தீ விபத்துக்கான வாய்ப்பே பெரிதாக எண்ணப்பட்டது. பட்டியலில் இருந்தவற்றுக்கெல்லாம் திருத்தம் செய்து மார்ச் 23 அன்று விமானங்களை மீண்டும் பறக்கவிட்டனர். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே இன்னொரு காமெட் கடலில் விழுந்து 21 பேர் இறந்தனர். சான்று இல்லாத திருத்தம் எதையும் திருத்தவில்லை என்பதற்கு அந்தப் பதினாறு நாட்களே கொடிய சாட்சி.

ஆர்னால்ட் ஹால் தலைமையில் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையம் பொறுப்பேற்றது. கடற்படை எல்பா அருகே சிதைவுகளை மீட்டது. மற்றொரு காமெட்டின் உடல் முழுவதையும் நீர்த்தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் நீர் நிரப்பி, பறப்பின் அழுத்த ஏற்ற இறக்கங்களை மீண்டும் மீண்டும் நிகழ்த்தினர். காற்றைப் போல் நீர் சுருங்குவதில்லை. ஆதலால் உடல் பிளந்தாலும் வெடித்துச் சிதறாது, முறிவு தொடங்கிய இடம் சான்றாக நிற்கும். முன்பு பறந்ததையும் சேர்த்து மூவாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பறப்புகளுக்கு இணையான சுற்றுகளில் அது ஒரு திறப்பின் மூலையிலிருந்து பிளந்தது. எல்பாவில் மீட்ட சிதைவில், கூரையில் வானலைக் கருவிக்காக வெட்டப்பட்ட திறப்பின் மூலையருகே சோர்வு விரிசல் காணப்பட்டது.

டி ஹாவிலண்ட் சோர்வைச் சோதிக்காமல் விட்டுவிடவில்லை என்பதே இங்கு முக்கியமானது. அந்த நிறுவனம் சோதித்த உடற்பகுதி சுமார் 16,000 சுற்றுகளைத் தாங்கியிருந்தது. எல்பாவில் சிதறிய விமானமோ 1,290 பறப்புகளையே கண்டிருந்தது. சோதனைக்குள்ளான அதே உடற்பகுதியை அதற்கு முன்னரே இயல்பான அழுத்தத்தின் இரு மடங்குக்கு உட்படுத்தியிருந்தனர். அந்த மிகையழுத்தம் மூலைகளில் உலோகத்தை நிலையாக நீளச் செய்து, அழுத்தம் நீங்கியபின் அங்கே அமுக்க விசையைத் தங்க வைத்தது. அவ்விசை விரிசலைத் தடுத்தது. வலிமையைக் காட்ட நடத்திய சோதனை, சோர்வுச் சோதனையின் முடிவைப் பொய்யாக்கிவிட்டது. கோஹன் பிரபு தலைமையிலான விசாரணை இவற்றை வெளிப்படையாகப் பதிவு செய்ததால், போட்டி நிறுவனங்களும் அதே பாடத்தைப் பெற்றன.

விரிசலோடு பறக்கும் வடிவமைப்பு

அடுத்த தலைமுறை விமானங்கள், ஓர் உறுப்பு முறிந்தால் அதன் சுமையை மற்றோர் உறுப்பு ஏற்கும்படி அமைக்கப்பட்டன. அதுவும் போதவில்லை. 1969 டிசம்பரில் நெவாடாவில் எஃப்-111 போர் விமானம் ஒன்றின் இறக்கை, சற்றேறக்குறைய நூறு மணி நேரமே பறந்த நிலையில் முறிந்தது. உற்பத்தியின்போதே எஃகில் நேர்ந்த குறை எல்லாப் பரிசோதனைகளிலும் கண்ணுக்குத் தப்பியிருந்தது. 1977 மே மாதம் லுசாகாவில் பழைய போயிங் 707 சரக்கு விமானம் ஒன்றின் வால் இறக்கை பிரிந்தது. முறிந்த உறுப்பின் சுமையை மற்றவை ஏற்கும் என்ற ஏற்பாடு, அந்த முறிவை யாரேனும் உரிய நேரத்தில் காணும்வரைதான் காப்பாற்றும் என்று அது உணர்த்தியது.

இதற்கான கணிதம் அதற்குள் கைவசம் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் பால் பாரிஸ், ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் எவ்வளவு வளரும் என்பதைக் கணிக்கும் விதியை முன்வைத்திருந்தார். எழுபதுகளில் அமெரிக்க விமானப்படையும், பின்னர் குடிமை விமானத் துறையும், தயாரிப்பிலேயே விரிசல் இருப்பதாக எடுத்துக்கொண்டு கணக்கிடும் முறையை விதியாக்கின. இவ்வாறு மூன்றாவது கேள்வி எழுந்தது: ‘இருக்கும் விரிசல் ஆபத்தான அளவை எட்டுமுன் அதைக் காண நமக்கு எவ்வளவு அவகாசம்?’

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் மேற்கூரை 24,000 அடி உயரத்தில் பிய்த்தெறியப்பட்டது. விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார், விமானம் தரையிறங்கிவிட்டது. 89,680 பறப்புகளைக் கண்ட அந்த உடலில், பிணைப்புத் தளர்ந்த இணைப்பின் ஆணித்துளைகளில் பிறந்த சிறு விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. ஒரே விரிசலை எண்ணிப் போட்ட கணக்கு, பல விரிசல்களின் கூட்டை எதிர்பார்க்கவில்லை. விமானத்தில் ஏறும்போதே பயணி ஒருவர் விரிசலைக் கண்டும் எவரிடமும் சொல்லவில்லை என்று விசாரணை அறிக்கை குறிக்கிறது. மூப்படைந்த விமானங்களுக்கான தனிப் பரிசோதனைத் திட்டங்கள் இதன்பின் வலுப்பெற்றன.

முடிவுரை

வெர்சாய் முறிவுக்கும் வோலரின் இறுதி முடிவுகளுக்கும் இடையே 28 ஆண்டுகள் கழிந்தன. எல்பா விபத்தின் காரணம் ஓர் ஆண்டுக்குள் நிறுவப்பட்டது. பின்வந்தவர்கள் முன்னோரைவிட அறிவில் மிக்கவர்கள் என்பதால் இவ்வேகம் வரவில்லை. சிதைவை மீட்கும் வசதி, முறிவைத் திரும்ப நிகழ்த்தும் தொட்டி, முடிவை மறைக்காத விசாரணை ஆகிய மூன்றும் அதற்குள் நிறுவன வடிவம் பெற்றிருந்தன.

ஆகவே தோல்வியைப் பொறியியலின் ஆசான் என்று போற்றுவது பாதி உண்மையே. முறிந்த துண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அறிக்கையைப் பூட்டிவைத்து, பொறுப்பை ஓட்டுநர்மீதோ வானிலைமீதோ சுமத்திவிடும் இடத்தில் நூறு விபத்துகள் நடந்தாலும் அறிவு ஓரடிகூட நகராது. நம் பாலங்களும் கட்டடங்களும் முறியும்போது நாம் முதலில் கோர வேண்டியவை இரண்டு: முறிந்த பகுதி பாதுகாக்கப்பட வேண்டும், அது ஏன் முறிந்தது என்பது அனைவரும் படிக்கும்படி எழுதப்பட வேண்டும். உயிரிழந்தவர்களுக்குப் பொறியியல் செலுத்தக்கூடிய கடன் அதுவே.