பை: எந்த இலக்கம் வரை நம்பலாம்?

ஒரு தாளை எடுத்துக்கொண்டு 22-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். 3.142857 என்று வரும். விடாமல் வகுத்தால் அதே 142857 திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். இதில் வியப்பில்லை. 7-ஆல் வகுக்கும்போது மீதி 1 முதல் 6 வரைதான் வர முடியும். முன்பு வந்த மீதியே மறுபடி வந்தால், முன்பு வந்த இலக்கங்களும் மறுபடி வரத்தானே வேண்டும்? எந்தப் பின்னமானாலும் இப்படித்தான். வகுத்தல் ஓரிடத்தில் முடிந்துவிடும். இல்லையேல் சுழலத் தொடங்கும்.

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது பை. இதற்கு 22/7 என்ற மதிப்பைப் பள்ளியில் பயன்படுத்துகிறோம். ஆனால் பையின் மதிப்போ 3.14159 என்று தொடங்குகிறது. மூன்றாம் தசம இடத்திலேயே 22/7 பிசகிவிடுகிறது! கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், வட்டத்துக்கு உள்ளும் புறமும் 96 பக்கப் பலகோணங்களை அமைத்து, பை 223/71-ஐ விடப் பெரியது, 22/7-ஐ விடச் சிறியது என்று நிறுவினார். அவர் கூறிய மேல் எல்லையையே நாம் மதிப்பாக எடுத்துக்கொண்டோம். கி.பி. 499-ல் ஆரியபட்டர், விட்டம் 20,000 ஆனால் சுற்றளவு 62,832 என்றார். அது தோராயமே என்று சொல்லவும் அவர் மறக்கவில்லை.

பை எந்தப் பின்னத்துக்கும் சமமன்று என்பதை 1761-ல் லாம்பர்ட் நிறுவினார். ஆகவே அதன் தசம இலக்கங்கள் முடிவதும் இல்லை, சுழல்வதும் இல்லை. எழுத முனைபவர் எங்கேனும் நிறுத்தித்தான் ஆகவேண்டும். அப்படியானால், எழுதியதில் எதுவரை சரி?

இந்தக் கேள்விக்கு வில்லியம் ஷாங்க்ஸின் கதையைவிட நல்ல பாடம் இல்லை. இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் விடுதிப் பள்ளி நடத்தி வந்தவர் அவர். ஜான் மேச்சின் 1706-ல் கண்ட வாய்பாட்டைக் கொண்டு, பேனாவும் தாளும் மட்டுமே துணையாகப் பையைக் கணக்கிட்டார். 1873-ல் 707 தசம இடங்களை வெளியிட்டார். 1882-ல் காலமானார். பாரிஸ் நகரில் 1937-ல் தொடங்கப்பட்ட அறிவியல் காட்சியகத்தின் வட்ட அறையில் அந்த 707 இலக்கங்களையும் பொறித்து வைத்தார்கள்.

1944-ல் பெர்குசன் என்னும் ஆங்கிலேயர் வேறொரு வாய்பாட்டைக் கொண்டு பையைக் கணக்கிடத் தொடங்கினார். 527 இடங்கள் வரை இருவர் விடையும் ஒன்றாக இருந்தன. 528-ஆம் இடத்தில் வேறுபட்டன. பிழை ஷாங்க்ஸுடையதே! அங்கிருந்து கடைசி வரை 180 இலக்கங்களும் வீண். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை எவரும் அறியவில்லை. அதே வாய்பாட்டில் அதே படிகளைத் திரும்பப் போட்டால் அதே இடத்தில் மறுபடி இடறக்கூடும். வேறு வழியாக வந்தும் அதே விடை கிடைத்தால்தான் நம்பலாம். பாரிஸ் சுவரை 1949-ல் திருத்தினார்கள்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் எனியாக் கணிப்பொறி சுமார் 70 மணி நேரத்தில் 2,037 இலக்கங்களைத் தந்தது. அதன் ஒரு பதிவகத்தில் பத்து இலக்கங்களே அடங்கும். எனவே நீண்ட எண்ணைத் துண்டு துண்டாக்கி, இடைவிடைகளைத் துளையிட்ட அட்டைகளில் சேமித்தார்கள்.

இன்றைய கணிப்பொறியிலும் ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் இடம் அளவானதே. வழக்கமான 64 பிட் முறையில் பை 15 தசம இடங்கள் வரை சரியாக இருக்கும். 16-ஆம் இடத்தில் பிசகும். இது போதாதா? பூமியின் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவில் இதனால் வரும் பிழை, ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் எளிய எண்ணும் ஏமாற்றலாம். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகக் குறையும் பங்குகளைக் கூட்டித்தான் கணிப்பொறி பின்னங்களை எழுதுகிறது. பத்தில் ஒன்றை இப்படி எழுதினால் அது முடிவதே இல்லை. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்ததைக் கேளுங்கள். அங்கிருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணி வந்தது. பத்தில் ஒன்றை 24 பிட்டுகளில் வெட்டியதால் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்கு அளவு பிழை. சுமார் நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அது வினாடியில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்தது. அதற்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கும் மேல் பறந்துவிடும். அமைப்பு தவறான இடத்தில் தேடியது. 28 வீரர்கள் மாண்டனர்.

எண்ணை வெட்டாமல் எழுத முடியாது. அது குற்றமும் அன்று. எங்கே வெட்டினோம், அந்தப் பிழை எவ்வளவு வளரும் என்று பாராதிருப்பதே ஆபத்து. உங்களிடம் எளிய கணக்கிடும் கருவி இருந்தால் 1-ஐ 3-ஆல் வகுத்து, வந்த விடையை 3-ஆல் பெருக்குங்கள். பல கருவிகள் 1 என்று காட்டாமல் 0.9999999 என்று காட்டும். அந்தக் கடைசி 9-க்குப் பின் என்ன போயிற்று என்று உங்களால் இப்போது சொல்ல முடியும் அல்லவா?